கறண்ட் பிடிக்காத ஏரம்பு

ஏரம்புவைக் கறண்ட் பிடிக்காது, மின்சாரம் அவர் உடம்பில் ஏறாது என்பது அந்த நாளில் கிளிநொச்சிச் சந்தைக்கு வந்துபோகிற பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதி. ஆளைப் பார்த்தால் அப்படியொரு வரம் வாங்கி வந்தவர் மாதிரி இருக்காது. ஒல்லி உடம்பு, தோளில் ஒரு பழைய துவாய், காலில் லொறி டயரை வெட்டித் தைத்த செருப்பு. தேத்தண்ணிக் கடையில் அவர் வந்து குந்தினால் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடித்து, "இவர்தான் அந்த மனிசன்" என்பார். ஏரம்பு கேட்டும் கேளாதவர் மாதிரித் தேத்தண்ணியை ஊதுவார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பகுதியிலேயே கறண்டுக்கு அவரைப்போல் பயந்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பெண்சாதி இலட்சுமிக்கு மட்டும் அது கொஞ்சம் தெரியும். வேலைக்குப் போகிற காலையில் பழஞ்சோறு அவருக்குத் தொண்டையில் இறங்காது. கேட்டால் வயிறு சரியில்லை என்பார். எந்த நாளும் ஒரு மனிதனுக்கு வயிறு சரியில்லாமல் போகுமா?

கதை தொடங்கியது வவுனியாவில், ஒரு மரக்காலையில். தகப்பனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழே குடியேற்றக் காணி கிடைத்தது. அது மூத்த மகனோடு போக, இளையவரான ஏரம்பு மரம் அரிகிற வேலைக்குப் போனார். அங்கே அவரோடு சோடியாக நின்றவன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த லோறன்ஸ். கடலுக்குப் பயப்படாதவன், பாட்டுக்காரன். ஒரு மழை நாளில் வாளுக்குக் கீழே பார்ப்பதற்காக வயரோடு இழுத்துச் செல்கிற கைவிளக்கை லோறன்ஸ் தூக்கினான். தூக்கியவன் விடவில்லை. அவனுடைய வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. என்ன நடக்கிறதென்று விளங்காமல் ஏரம்பு அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அடுத்து அவருக்குத் தெரிந்தது, தான் மரத்தூளுக்குள் மல்லாந்து கிடப்பதுதான். லோறன்ஸ் செத்துப்போனான்.

விசாரிக்க வந்தவர் நிலத்தைப் பார்த்தார், இரண்டு பேருடைய கால்களையும் பார்த்தார். "அவன் வெறுங்காலோட தண்ணிக்குள்ள நிண்டிருக்கிறான். உன்னை இந்த ரப்பர்ச் செருப்புத்தான் காப்பாத்தினது" என்றார். கோயிலுக்கும் பாய்க்கும் தவிர வேறு எதற்காகவும் அந்தச் செருப்பை ஏரம்பு அதற்குப் பிறகு கழற்றியது கிடையாது.

ஆனால் ஊருக்குச் செருப்புக் கதை போய்ச் சேரவில்லை. கறண்ட் தூக்கி எறிந்தும் எழும்பி வந்த மனிதர் என்ற கதைதான் போய்ச் சேர்ந்தது. அதை நம்பித்தான் தில்லைநாதன் முதலாளி அவரைக் கிளிநொச்சியில் இருந்த தன்னுடைய நெல் மில்லுக்கு எடுத்தார்.

மில்லில் எண்ணெய் எஞ்சினோடு கறண்ட் எடுக்க ஒரு டைனமோவும் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு காற்றாடி இறக்கினார். இரும்புக் கூட்டுக்குள் விசிறி, கீழே உருட்டுவதற்குச் சின்னச் சில்லுகள். காற்றில்லாத நாளில் நெல்லிலிருந்து சப்பியை, அதாவது பதரை, பறக்கவிடுவதற்கு அது தேவை. எங்கே நெல் கிடக்கிறதோ அங்கே வயரோடு இழுத்துக்கொண்டு போகலாம். மில்லில் வேலை செய்த பெண்கள் அதற்குக் காத்துப்பெட்டி என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தார்களே ஒழியக் கிட்டப் போக மாட்டோம் என்றார்கள். நெல் ஊறப்போட்ட தொட்டிக்கும் அவிக்கிற இடத்துக்கும் நாள் முழுக்க நடக்கிறவர்கள் அவர்கள், காலில் ஈரம் காய்ந்த நேரமே இல்லை.

"ஏரம்பு தொட்டுப் பாத்த பிறகுதான் ஓட்டுறது. போதுமே?" என்றார் முதலாளி.

போதும் என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் ஏரம்புவின் முதல் வேலை. காலையில் சுவிச்சைப் போட்டதும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் போய் இரும்புக் கூட்டின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வைத்துவிட்டுச் சிரிக்கவும் வேண்டும், சிரிக்காவிட்டால் பெண்கள் நம்ப மாட்டார்கள். கையைத் துவாயில் துடைத்துத் துடைத்துக் காயவைப்பார். செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். லோறன்ஸின் திறந்த வாய் ஒருமுறை கண்ணுக்கு முன்னால் வந்து போகும். நெஞ்சு உரலில் இடிக்கிற மாதிரி இடிக்கும். கையை வைப்பார், சிரிப்பார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு பேரோடு ஊருக்குள் நடந்த மனிதனுக்கு எப்படி வரும்?

தொட்டி வேலையில் நாகேஸ்வரி என்றொரு இளம் பெண். கலியாணம் முடித்து வந்த புதிது, வாய் அதிகம் இல்லை. ஒருநாள் சுளகோடு அவரிடம் வந்தாள்.

"அண்ணை, காத்துப்பெட்டி கிள்ளுது."

"கிள்ளுதோ? என்னெண்டு?"

"தொட்டா விரல் விறைக்குது. முழங்கை வரை ஏறுது."

ஏரம்பு குனிந்து செருப்பைப் பார்த்தார். பிறகு போய் எல்லோருக்கும் முன்னால் கையை வைத்தார். டயர்ச் செருப்போடு நிற்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது? ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஈரக் கையில இரும்பு பட்டாக் குளிரும்தானே" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நாகேஸ்வரிக்கு முகம் சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தள்ளுவாள், வாய் திறக்க மாட்டாள். ஏரம்பு அதைத் தினமும் பார்த்தார். அவள் அதற்குக் கிட்டப் போகிற நேரமெல்லாம் அவருக்கு மூச்சு நின்று வரும்.

இப்படி ஒரு மாதம் போனது. நவராத்திரி வந்தது.

ஆயுத பூசையன்று பெண்கள் விடியவே வந்து மில் முழுவதையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். மாவிலை கட்டி, நெல் மூட்டைக்கு மேல் சரஸ்வதி படம் வைத்து, அவலும் கடலையும் படைத்தார்கள். எஞ்சினுக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், சாக்குத் தைக்கிற ஊசிக்குக்கூடச் சந்தனம். காத்துப்பெட்டிக்கு அதுதான் முதல் பூசை. வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது, அவித்த நெல் குவிந்து கிடந்தது. பொட்டு வைத்த கையோடு வேலை தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில் முதலாளி காத்துப்பெட்டியை ஓடவிட்டிருந்தார்.

"ஏரம்பு, நீதான் அதுக்குப் பொட்டு வைக்க வேணும்" என்று தட்டத்தைக் கையில் கொடுத்தவர், கீழே பார்த்தார். "என்னப்பா இது, சாமிக்கு முன்னால செருப்போட? கழட்டு."

ஏரம்பு கழற்றினார். கழுவிய நிலத்தின் குளிர் உள்ளங்காலில் பட்டது. வவுனியாவுக்குப் பிறகு கறண்டுக்குக் கிட்ட அவர் வெறுங்காலோடு நின்றது அன்றுதான். காத்துப்பெட்டிக்கு அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது. தட்டத்தில் சந்தனக் கிண்ணம் கிணுகிணுத்தது. கால் ஒரு அடிகூட எடுத்து வைக்க மறுத்தது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

முதலாளி வானத்தைப் பார்த்தார். "நேரம் போகுது. சரி, சுமங்கலிப் பொம்பிளை வைக்கட்டும். நாகேஸ்வரி, வா பிள்ளை."

நாகேஸ்வரி வந்தாள். கணுக்கால் வரை நனைந்திருந்தது. பூசைக்கு வைக்கிற பொட்டைத் தலைப்பு சுற்றிய கையால் வைக்க முடியுமா? சந்தனத்தில் விரலைத் தோய்த்துவிட்டு அவள் ஏரம்புவின் முகத்தைப் பார்த்தாள். நேற்றுக் காலையிலும் தொட்டுச் சிரித்தவர் அவர்தானே. அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. அவர் கண்ணைத் தட்டத்துக்குத் தாழ்த்தினார். அவள் திரும்பி விரலை நீட்டினாள்.

தட்டம் விழுந்த சத்தத்தில் எல்லோரும் துள்ளிப்போனார்கள். ஏரம்பு அவளுடைய கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து விழுத்திவிட்டார்.

"தொடாதை! தொடாதை பிள்ளை, செத்துப்போவாய்!"

தட்டத்துச் சந்தனமும் குங்குமமும் நிலம் முழுக்க ஓடியது. சாமிக்கு முன்னால், நல்ல நாளில், அடுத்தவன் பெண்சாதியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். முதலாளிக்குக் கண் சிவந்தது.

"விசரே உனக்கு?"

"பயமாக் கிடக்கு ஐயா."

"ஆருக்கு, உனக்கோ?"

"ஓம் ஐயா. எனக்கு எப்பவும் பயம்தான். செருப்புப் போட்டுக்கொண்டெல்லோ தொடுறனான்." ஏரம்பு அழுதுகொண்டிருந்தார், தான் அழுவது அவருக்கே தெரியவில்லை.

"பயந்தாங்கொள்ளி! தள்ளு, நான் வைக்கிறன்." முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத்துக்குள் இறங்கினார். கையை நீட்டினார். இரும்புக் கூட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் ஏரம்புவின் முகத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கி வேட்டித் தலைப்பைத் தேடிப் போயிற்று.

"சுவிச்சை நிப்பாட்டுங்கோடா" என்றார்.

அடுத்த நாள் வவுனியாவிலிருந்து கறண்ட் வேலைக்காரர் யோகநாதன் வந்தார். இரண்டு வயர் பொருத்திய ஒரு பல்ப்பைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு வயரைத் தண்ணிக் குழாயில் வைத்தார், மற்ற வயரைக் காத்துப்பெட்டியின் இரும்பில் வைத்தார். இரும்பில் கறண்ட் இல்லாவிட்டால் எரியக்கூடாத பல்ப், வீட்டு விளக்கு மாதிரிப் பளிச்சென்று எரிந்தது. இழுத்து இழுத்துத் தேய்ந்த இடத்தில் வயரின் ரப்பர் கிழிந்து, உள்ளே செம்புக் கம்பி கூட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நாகேஸ்வரி பல்ப்பைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப ஒரு மாசமா நான் இதைத்தான் தொட்டனானோ?" ஏரம்புவின் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுகொண்டோ அண்ணை சிரிச்சனியள்?"

"வடிவாத் தெரியாது பிள்ளை. பயந்தனான். பயமெண்டு சொல்லவும் பயந்தனான்."

அவள் சுளகை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். கோபப்பட்டிருந்தால்கூட ஏரம்புவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

யோகநாதன் வயரை மாற்றிக் கொடுத்து, பல்ப்பையும் மில்லிலேயே விட்டுவிட்டுப் போனார். இனிமேல் ஏரம்பு தினமும் இதால் பார்க்கட்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். மறுநாள் காலையில் ஏரம்பு அதை எடுக்கக் குனிந்தார்.

"விடுங்கோ அண்ணை. நான் பாக்கிறன்" என்று நாகேஸ்வரி கையை நீட்டினாள்.

அவர் கொடுத்துவிட்டார். அவள் காய்ந்த சாக்கொன்றை விரித்து அதன்மேல் ஏறி நின்றாள். ஒரு வயரைக் குழாயில் வைத்தாள். மற்ற வயரைக் காத்துப்பெட்டியின் பக்கம் கொண்டுபோகையில் அவளுடைய கை நடுங்கியது. பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நடுக்கத்தை அவள் மறைக்கவில்லை.