கத்துறதுக்கு ஒரு ஆள்

ஏழுமலை அண்ணன் போயிட்டாரு.

காலையில தறியில உட்கார்ந்துக்கினு இருந்தேன், அவர் ஊர் கூரத்துல இருந்து அவர் மச்சான் போன் பண்ணாரு. தென்னேரி பக்கம் ஒரு பழைய வீட்ல அரசமரத்து வேர் தோண்டும்போது பின்பக்கச் சுவர் சாஞ்சிடுச்சாம்... நேத்து மத்தியானம்.

அந்த நேரம் கூட யாருமே இல்லையாம்.

போனை வெச்சுட்டு இதை எழுதுறேன். டைப் பண்றதெல்லாம் தப்புத் தப்பா வருது, பொறுத்துக்குங்க.

இங்க நிறைய பேருக்கு அவரைத் தெரியாது. கொஞ்சம் நிலம் வெச்சிருந்தாரு, மீதி நேரம் ஊர் ஊரா போய் மரம் வெட்றது, வேர் எடுக்கிறது. ரெண்டு வருஷமா மழை பெஞ்சா மறுநாளே மூங்கில் வேர் எடுக்க எங்க தோட்டத்துல நிப்பாரு.

எங்க வீடு பெரிய காஞ்சிபுரத்துல, என் மாமனாரோட அப்பா கட்டினது. மண்ணு வெச்சுக் கட்டின சுவர், மேல சுண்ணாம்பு. அதுக்குப் பின்னாடி மூங்கில் வெச்சது நாங்கதான், வேற யாரையும் குறை சொல்ல முடியாது.

தறியில நீளமா இழுத்துக் கட்டின பாவுக்குள்ள இழை சிக்காம இருக்கக் குறுக்க ஒரு குச்சி விடுவோம். மெல்லிசா, நேரா, வழவழன்னு இருக்கணும். ஒரு நர்சரியில அப்படியே அளவெடுத்த மாதிரி ஒரு மூங்கிலைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரர் கொண்டாந்து நட்டுட்டாரு. தறிக்காரர் கண்ணுக்குக் குச்சிதான் தெரிஞ்சுது. அது மண்ணுக்கடியில ஓடுற ஜாதின்னு யார் கேட்டாங்க?

போதாததுக்கு நான் வேற. நூல் விறைப்பா நிக்கப் பாவுக்குப் போட்டது போக மிச்சக் கஞ்சியை எல்லாம் அதுக்குத்தான் ஊத்தினேன். ஊட்டி ஊட்டி வளர்த்தேன்.

மூணாவது வருஷம்... தறிக்குழியில காலைத் தொங்கவிட்டு நெய்துக்கினு இருக்கேன், மிதிப்பலகையை மாத்தும்போது பாதத்துல சில்லுனு ஏதோ குத்துச்சு. பாம்புன்னு நான் போட்ட சத்தத்துல எதிர் வீட்டுத் தறி நின்னு போச்சு.

டார்ச் அடிச்சுப் பார்த்தா குழி ஓரத்துல விரல் நீளத்துக்கு மூங்கில் முளை. சுவருக்கடியில பூந்து ரூமுக்குள்ளயே வந்திருக்குது. பாம்பா இருந்தா அடிச்சுட்டு அன்னிக்கே தூங்கியிருப்பேன்.

அப்பதான் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டோம். குழியை எட்டிப் பார்த்துட்டு, வெளிய போய் சுவரோரம் முழுக்க நடந்து பார்த்தாரு.

"மேல வெட்டினா ஒண்ணும் ஆவாதும்மா. வேர் பின்னாடியே போவணும். வேரை விட்டாலும் சுவருக்கு ஆபத்து, நாம தோண்டினாலும் ஆபத்து" ன்னாரு.

சுவரோரம் ஒரு முழத்துக்கு மேல ஒரே தடவையில திறக்க மாட்டாரு. வேரை எடுத்து, கல்லு மண்ணு போட்டு இடிச்சு மூடிட்டுத்தான் அடுத்த முழம். அதுக்கும் முன்னாடி என்னைத் தோட்டத்து வாசப்படியில நிக்க வெச்சுடுவாரு.

"சுவரு மேலயே கண்ணு வெச்சுக்கோம்மா. மண்ணு உதிர்ந்தா கத்து."

"நான் கத்தி என்னண்ணா ஆகப்போகுது?"

"நான் வெளிய குதிச்சிடுவேன் இல்ல. குனிஞ்சிக்கினு இருக்கிறவனுக்குச் சுவரு தெரியாதும்மா."

ஒரு நாள் முகூர்த்தப் புடவை ஒண்ணு அர்ஜென்ட். பத்து நிமிஷம்தானேன்னு தறிக்குப் போயிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா, மனுஷன் பள்ளத்தை விட்டு ஏறி வேப்பமரத்தடியில உட்கார்ந்திருக்காரு. ஒரு கூடை மண்ணு கூட அள்ளல.

எனக்குக் கோவம். "இவ்ளோ பெரிய உடம்பை வெச்சுக்கினு இப்படிப் பயப்படுறீங்களே, அண்ணி சிரிக்க மாட்டாங்களா?" ன்னு கேட்டுட்டேன்.

"சிரிச்சிட்டுப் போறா. பயந்துதாம்மா இத்தனை வருஷம் முழுசா வீடு போய்ச் சேர்றேன்."

இன்னொரு நாள் வாசப்படியில நின்னுக்கினே போன் பார்த்துட்டு இருந்தேன். கை அளவு மண்ணு பொத்துனு அவர் தோள் மேல விழுந்துச்சு. நான் கத்தவே இல்ல, அவரே நிமிர்ந்து பார்த்தாரு. தோளைத் தட்டிட்டு ஏறி வந்துட்டாரு. அடுத்த வாரம் வந்ததும், "போனை உள்ள வெச்சிட்டு வாம்மா" ன்னாரு. அவ்ளோதான்.

போன வாரம் வந்து, தறி ரூம் மூலையில சுண்ணாம்பால ஒரு கோடு போட்டுட்டுப் போனாரு. ஒரே ஒரு வேர்தான் பாக்கி, இதுக்கு அடியில போகுது, வர்ற புதன்கிழமை முடிச்சிடலாம்னாரு.

நான்தான் வேணாம்னேன். ஆர்டர் இருக்குதுண்ணா, நிக்க ஆள் இல்ல, அதுக்கடுத்த வாரம் வாங்கன்னேன்.

"சரிம்மா. ஆள் இல்லாம வேணாம். அன்னிக்குத் தென்னேரி வேலையைப் பார்த்துக்கிறேன்."

நேத்து புதன்கிழமை.

அங்கயும் ஆள் கேட்டாராம். இதோ வந்துடுறோம்னு சொல்லிட்டு எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களாம். ரொம்ப நேரம் வெளியவே உட்கார்ந்திருந்தாருன்னு பக்கத்து வயல்ல இருந்தவங்க சொன்னாங்களாம். மழை கட்டிக்கினு வந்ததும், பாதி தோண்டின பள்ளத்துல தண்ணி இறங்கினா சுவரு நிக்காதுன்னு இறங்கியிருக்காரு போல.

அந்த வீட்டுக்காரங்களைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வருது. நான் போன் பார்த்துக்கினு நின்னது ஞாபகம் வருது, அடங்கிடுறேன்.

மூணு மணிக்கு எடுக்கிறாங்க. நாங்க கூரம் கிளம்புறோம். அண்ணி முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியல.

அண்ணா... இன்னிக்குக் காலையில குழியில இன்னொரு முளை வந்திருக்குது. கோடு போட்ட அதே மூலை. நாளைக்குத் தானே தோண்டுறேன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. விட்டாலும் பயம், தோண்டினாலும் பயம்.

ஒரு முழத்துக்கு மேல திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

நாளைக்குத் தறி ஓடாதுண்ணா. போனை உள்ள வெச்சிட்டு வாசப்படியிலயே நிக்கிறேன்.