உப்பு நீர் மட்டும்

மூன்றாவது கர்ப்பத்திலும் ஒன்பதாவது வாரத்தில்தான் அந்தப் பழுப்புத் துளியைப் பார்த்தேன். மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கேன் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். துடிப்பு இல்லை என்றார்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்த வாசல் தெரிந்திருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால், எல்லோரிடமும் ஒரு பதில் இருப்பதும் தெரிந்திருக்கும்.

என் மாமியாரின் பதில் ஸ்கூட்டர். "மதுக்கரை ரோட்டுல தெனம் வண்டில குலுங்கிட்டுப் போனா எந்தக் கரு நிக்கும் அம்மணி?"

மேட்டுப்பாளையத்திலிருந்து பார்க்க வந்த நாத்தனாரின் பதில் படிப்பு. "இத்தன படிச்சா ஒடம்பு சூடேறாதா கண்ணு?" என்று தன் தம்பியிடம், அதாவது என் கணவரிடம், கேட்டார். எனக்குக் காது கேட்காது என்ற நினைப்பு போலும். சுண்ணாம்புக்கல் உடைத்த குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிப் பட்டம் கருப்பையைச் சுடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

படித்தவர்களும் குறைந்தவர்கள் அல்லர். நகரத்தில் பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்த ஒரு மருத்துவர், என் உடலே கருவை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்றார். அதை அடக்க வாராவாரம் ஊசி போட வேண்டுமாம்.

"எந்த டெஸ்ட்ல தெரிஞ்சதுங்க?"

"அனுபவத்துல சொல்றேன்மா."

நான் நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன் என்று ஒரு கண்டு நூலைக்கூட அங்கே அனுப்ப முடியாது. எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது உண்மையான ஒரு காரணம், அவ்வளவுதான். எங்கள் மருத்துவர், வயதில் இளைய பெண், கருத்திசுவில் குரோமோசோம் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) சோதனை செய்யலாம் என்றார். திசுவை உப்பு நீரில் அனுப்ப வேண்டும் என்று சீட்டிலும் எழுதினார். கருவை அகற்றிய பின் மயக்கம் தெளிந்தபோது பக்கத்து மேசையிலிருந்த பாட்டிலிலிருந்து மூக்கை எரிக்கும் நெடி வந்தது. ஃபார்மலின் (திசு அழுகாமல் காக்கும் திரவம்). அதில் செல்கள் இறந்துவிடும். செல்களை வளர்த்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு அது குப்பை.

"எல்லாத்தையும் இதுலதானுங்க போடுவோம்" என்றார் நர்ஸ்.

என் குழந்தையிடமிருந்து வந்திருக்கக்கூடிய ஒரே பதிலை ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு நான்காவதும் போனது. இம்முறை அறுவை அரங்குக்குப் போகுமுன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிக்கொண்டேன்: உப்பு நீர் மட்டும்.

"என்னக்கா, பரீட்சைக்குப் பிட்டா?" என்று சிரித்தார் அங்கிருந்த நர்ஸ்.

"ஆமாங்க. உங்களுக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உப்பு நீர் எடுத்துவந்தார்.

முடிவு வர வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்: கோளாறு கருவில் இருக்க வேண்டும். என்னை விடுவிக்க அந்தச் சின்ன உயிரைக் குற்றவாளியாக்கப் பார்த்தேன். மாமியாரையும் நாத்தனாரையும் இகழ்ந்த வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குரோமோசோம்கள் சரியாகவே இருந்தன.

"உங்க ரத்தம், கருப்பை, ஹார்மோன் எல்லாமே சரியா இருக்குதுங்க" என்றார் மருத்துவர். "ஏன்னு எனக்குத் தெரியலை. ஊசி எழுதிக் குடுத்தா எனக்கு நிம்மதி, உங்களுக்குப் பலன் இருக்கும்னு சொல்ல ஆதாரமில்லை. காரணம் தெரியாமயே அடுத்ததுல கொழந்தை பொறந்தவங்க நிறையப் பேர் இருக்காங்க. கரு தங்குனதும் வாரம் ஒருக்கா வாங்க, பாத்துக்கலாம்."

நான்கு இழப்புகளில் தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர். அந்தச் சொல்லின் மேல் சாய்ந்துகொள்ள முடிந்தது எனக்கே வியப்புத்தான்.

இப்போது ஐந்தாவது. ஒவ்வொரு வியாழனும் ஸ்கேன். என் ஆண்டுக்கு மாதங்கள் கிடையாது, வியாழன்கள்தான். இரண்டு வியாழன்களுக்கு நடுவே என் உடலிடம் நான் எதுவும் விசாரிப்பதில்லை. அது தன் வேலையைப் பார்க்கிறது, நான் நூலின் வலுவைப் பார்க்கிறேன்.

ஒன்பதாவது வாரம் நேற்று முடிந்தது. மாமியார் போனில் கேட்டார்: "ஏனம்மணி, இன்னும் அந்த வண்டிலதான் போறியா?"

"ஆமாங்கத்தை."

மார்க்கர் பேனா கைப்பையில்தான் இருக்கிறது. கையில் இன்னும் எதுவும் எழுதவில்லை.