பெங்களூரு மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: வாயைத் திறக்கலாமா?

அடுத்த மாதம் பெங்களூருவில் நடக்கும் நர்சுகள் மாநாட்டுக்குப் போகும் தோழிகள், "அந்த ஊரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஏதாவது சொல்லேன்" என்று கேட்டிருந்தார்கள். சில வருடங்களுக்கு முன் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்காவும் இதே மாநாட்டுக்குப் போனோம். காவிரிப் பிரச்சினை பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த நேரம். "அங்கே போய்த் தமிழ் பேசித் தொலைக்காதே" என்று சொல்லித்தான் என் கணவர் ரயிலேற்றினார்.

காட்பாடியிலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம். ஸ்டெல்லா அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. பெங்களூரு நெருங்கியதும், இறங்கியவுடன் டிபன் சாப்பிடலாம் என்று இன்சுலின் போட்டுக்கொண்டார். ரயில் வழியில் வெகுநேரம் நின்றுவிட்டது. சிட்டி ஸ்டேஷனில் இறங்கும்போது ஒன்பதரை. பத்து மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள் என்று நேரே ஆட்டோ ஏறிவிட்டோம். இரண்டு நர்சுகள் செய்த காரியம் இது!

யஷ்வந்த்பூர் பக்கம் மண்டபம், ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் அரைகுறை இங்கிலீஷில் பேசினார், நானும் அப்படியே பேசினேன். ஒக்கலிபுரத்தில் டிராஃபிக்கில் மாட்டினோம். அக்காவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. திடீரென்று உரக்கக் கத்த ஆரம்பித்தார்.

"தண்ணி குடுங்கடா! இந்த ஊர்ல தண்ணி கேட்டா குடுக்க மாட்டீங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று எனக்குத் தெரியும். தெருவில் நின்றவர்களுக்குத் தெரியுமா? அக்காவின் வாயைப் பொத்தினேன், என் கையைக் கடித்தார். ஆட்டோ ஓரமாக நின்றது. ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அண்ணா, சக்கரை! கொஞ்சம் சக்கரை வாங்கிக் குடுங்க!" என்று தமிழிலேயே அழுதேன்.

அவர் டீக்கடைக்கு ஓடி, கன்னடத்தில் ஏதோ அதட்டி, ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். வாய் வாயாகப் புகட்டினோம். பத்து நிமிஷத்தில் அக்கா, "எங்கடி இருக்கோம்?" என்றார்.

"தமிழா நீங்க? மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா? இங்கிலீஷு வராம தவிச்சினு வர்றேன்!" என்றார் ஆட்டோக்காரர்.

"நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க யாருன்னு எனக்கென்ன தெரியும்? பயந்தான். ரெண்டு வாரமா சவாரில வாயே தொறக்கறதில்ல."

எனக்கு வெட்கமாகவும் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மண்டபத்து வாசலில் இறங்கும்போது, "அவ்வளவு பயமா இருந்தா, கொஞ்ச நாள் ஊர்ப் பக்கம் வந்து இருந்துட்டுப் போலாமேண்ணா" என்றேன்.

"எந்த ஊருக்குக்கா?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "நா பொறந்ததே இதே ஊர்ல, ஸ்ரீராம்புரம். எங்கப்பாவும் அங்கதான் பொறந்தாரு."



இனி உங்களுக்கு. வெயில் காலமானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் குளிரும். விலாசத்தில் எத்தனையாவது கிராஸ், அதாவது குறுக்குத் தெரு, என்பதோடு எந்தப் பேட்டை என்றும் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு ஐந்தாவது கிராஸ் உண்டு. சாப்பாடு கையில் இல்லாமல் இன்சுலின் போடாதீர்கள். தமிழ் பேசலாம், நீங்கள் நினைப்பதைவிட நிறையப் பேருக்குப் புரியும். அப்படித் தமிழ் பேசுகிறவரிடம் சொந்த ஊர் எது என்று மட்டும் கேட்காதீர்கள். பெங்களூருதான்.