முன்பாரம்

கத்திரிக்காய்க் காம்பின் பச்சை வாசனையோடு சைக்கிள் சங்கிலி எண்ணெயின் வாசனை எங்காவது கலந்து வந்தால், இந்த வயதிலும் என் கைகள் தாமாகவே ஒரு ஹேண்டில்பாரைத் தேடுகின்றன.

வன்னியம்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் கத்திரித் தோட்டம் இருந்தது. காய் மூட்டைகளை அடுத்த வீட்டு மாட்டு வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கு அனுப்புவோம். வண்டி ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் நிற்பவர்கள் கேட்டதுதான் விலை. "இன்னொரு போகம் இப்படிப் போச்சுன்னா தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு மில்லு வேலைக்குப் போயிருவேன்" என்றார் அப்பா. சொன்னபடியே ஒருநாள் ராஜபாளையத்துக்கு வேலை கேட்கப் போனார். ஆனால் அங்கே ஒரு மில் தொழிலாளி விற்ற பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு: பாரம் முன்னால் சாய்ந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும், அதனால் கொஞ்சம் பின்னால் தள்ளி ஏற்ற வேண்டும். அப்பா அதே பாடத்தைச் சைக்கிளுக்கும் வைத்துக்கொண்டார். கேரியரில் பலகை கட்டி, இரண்டு மூட்டைகளையும் வால் பக்கமாகத் தள்ளி ஏற்றினார். மேட்டில் தள்ளிவிடச் சிறுவன் நானும் கூடவே ஓடினேன். கண்மாய்க் கரை மேட்டில் முன்சக்கரம் குதிரை போல் எழும்பி நின்றது. ஒரு மூட்டை அவிழ்ந்து கொட்டியது. எதிரே வந்த வண்டிக்கார மாமா, "ஏலே, சைக்கிளுக்கும் கழுத்து நோவுமோன்னு பாத்தியாக்கும்!" என்று சிரித்தார். கரையில் உருளும்போதே நான் எண்ணியவை எழுபத்து மூன்று காய்கள், பொறுக்கியதில் எழுபத்தொன்றுதான் கிடைத்தன. மீதி இரண்டும் எங்கே போயிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அன்று சந்தைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மூட்டையைக் குறைத்தால் கட்டுப்படியாகாது. அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார்; காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "நீ முன்கம்பியில ஏறுலே" என்றார். சக்கரம் தரையில் அமர்ந்தது. மேட்டைத் தாண்டி இறக்கத்தில் பறந்தோம். நான் கத்தினேன், அப்பாவும் கத்தினார். சந்தையில் அப்போதுதான் கடைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்களிடம் முதலில் வந்த காய்கறிக்கடை பாய் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பையன் கொசுறா அண்ணாச்சி?" என்றார்.

"இல்ல பாய், அவன்தான் முன்பாரம்."

இரண்டு மூட்டையும் நல்ல விலைக்குப் போயிற்று.

அதன்பின் விடியலில் சந்தை, பிறகு பள்ளிக்கூடம். அம்மாவுக்கோ புதுக் கவலை. "எம்புட்டு ஊத்துனாலும் இவன் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதே, முன்பாரம் கொறைஞ்சா சக்கரம் தூக்கிருமே" என்று எனக்கு மட்டும் கூழ் இரண்டாம் தடவையும் ஊற்றுவாள். என் தங்கைகள் முறைப்பார்கள். அப்பா மில்லுக்குப் போகவே இல்லை. குத்தகைப் பேச்சும் அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

இப்போது கண்மாய்க் கரையில் தார்ச்சாலை. சைக்கிளில் மூட்டை கட்டிப் போகிறவர் எவரையும் காணோம். அதே தோட்டத்துக் காயை என் மகன் குட்டியானை வண்டியில் ஏற்றுகிறான். எப்போதாவது நானும் போவதுண்டு. "பின்னால காத்தாட உக்காருங்கப்பா" என்பான். நான் கேட்பதில்லை, முன்சீட்டில்தான் ஏறுவேன். மேடு வரும்போது பல்லைக் கடித்து, உடம்பைக் கனப்படுத்தி, முன்னால் சாய்ந்துகொள்வேன்.

இதுவரை சக்கரம் ஒரு தடவைகூட எழும்பியதில்லை.