மூன்றாவது கியரில் ஒரு கூவல்

முதலில் கொசு காதோரம் வந்துபோவதைப் போல மெல்லிசாகத் தொடங்கும். வேகம் ஏற ஏற உயர்ந்து, பல் கூசுகிற அளவுக்குப் போனதும் கியர் 'தடக்'கென்று தானாக நழுவி, வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். சித்தூரில் வேலூர் சாலையோரம் எங்கள் நைனா வைத்திருந்த மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு மாங்காய்ப் பருவத்தில் வந்து சேர்ந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சத்தம் அது.

நீள மூக்கும் இரண்டே சீட்டுமாகத் தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்த வெளிநாட்டு வண்டி. அதன் சொந்தக்காரர் மாம்பழக்கூழ் ஆலை முதலாளி. நான் அவருக்கு வைத்த பெயர் 'கூழ் சார்'. அவருடைய அப்பா ஓட்டிய கார் என்பதால் விற்க மனசில்லை, ஓட்டவும் வழியில்லை. ஊரிலிருந்த மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் கையை விரித்த பிறகு நைனாவிடம் வந்தார். 'கியர் பாக்ஸத் தொறக்காமலே காதால பாத்துச் சொல்லிடுவான்' என்று நைனாவுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஆனால் நைனாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எதிரே நின்று உரக்கப் பேசினால் கேட்கும், லாரியின் தடதடப்பு கேட்கும். மெல்லிய சத்தங்கள்தாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. குக்கர் விசில் அடித்தால் அம்மாதான் எழுந்து ஓடுவாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் அசையமாட்டார். "வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வண்டி உடமாட்டான், வாயத் தொறக்காதீங்க" என்று எங்கள் இருவரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதனால் எந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனாலும் ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்து சீட்டில் இருப்பேன். 'பொண்ணு மேல அவ்ளோ செல்லம்' என்று ஊர் சொல்லிக்கொண்டது. சொல்லிவிட்டுப் போகட்டுமே.

திருப்பதி சாலையின் இறக்கத்தில் மூன்றாவது கியர் போட்டுவிட்டு, "இன்னா சொல்லுது பாப்பா?" என்பார். "கூவுது நைனா!" என்று அவர் காதில் கத்துவேன். "எப்டி கூவுது?" "பால் குக்கராட்டம்!" அவ்வளவு போதும் அவருக்கு. கியரைத் தள்ளுகிற 'ஃபோர்க்' தேய்ந்திருந்தது. வெல்டு வைத்து, அராவி, திரும்ப ஏற்றினார், நழுவுவது நின்றது. பேரிங்கையும் மாற்றினார். கூவல் மட்டும் போகவே இல்லை. அதற்குக் காரணம் உள்ளே கிடந்த ஒரு மெல்லிய வாஷர் என்று கண்டுபிடித்து, கனமானதைப் போட்டுப் பார்த்தார், ஒல்லியானதைப் போட்டுப் பார்த்தார்; ஒவ்வொரு முறையும் நாங்கள் இறக்கத்துக்குப் போய் வந்தோம். கடைசியாகப் போனபோது, "இன்னும் நூலாட்டம் இருக்குது நைனா" என்றேன். மறுநாள் விடிந்ததும் இன்னொரு வாஷரைப் போட்டு மூடினார். நான் பள்ளிச் சீருடையில் தயாராக நின்றேன், ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதாகப் பேச்சு.

அதற்குள் கூழ் சார் மாலையோடும் பூசணிக்காயோடும் வந்து இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் எஞ்சினையோ கியர் பாக்ஸையோ பிரித்து மூடிய வண்டி, புது வண்டிக்குச் சமம். பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் ஓட்டத்தில் சொந்தக்காரரே உட்கார வேண்டும். "ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்துரலாம், பத பத, கெளம்பு" என்று தெலுங்கும் தமிழுமாக அவசரப்படுத்தினார். ஓட்டிப் பார்க்கவில்லை என்று நைனா சொல்லியிருக்கலாம். நல்ல காரியத்துக்கு நடுவே எப்படிச் சொல்வது என்று தயங்கினார் போலிருக்கிறது. பழக்க தோஷத்தில் நான் கதவைத் திறந்தபோது, "ரெண்டே சீட்டுதானம்மா!" என்று சிரித்தபடி கூழ் சார் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நைனா என்னைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

திரும்பி வந்தபோது வளைவில் வண்டி தெரிவதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. முன்னைவிட மோசமாகக் கூவிக்கொண்டு வந்தது. நான் ஓடிப்போய், 'சரியில்லை' என்று கையை ஆட்டினேன். சந்தோஷத்தில் ஆட்டுகிறேன் என்று நினைத்து நைனாவும் கையை ஆட்டினார். முகமெல்லாம் பல்லாக இறங்கி, "வெண்ணெயாட்டம் வழுக்கினு போவுது சார், சத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

கூழ் சார் கத்தியிருந்தால் தேவலை. அவர் கெட்ட மனிதர் இல்லை, கடவுளே, அதுதான் கொடுமை. குரலைத் தாழ்த்தி, "ஏமய்யா, வழியெல்லாம் கூவிக்கினு வந்துச்சே, வினபடலேதா?" என்று கேட்டார். கேட்கவில்லையா என்கிறார். குரல் தாழ்ந்ததால் அதுவும் நைனாவுக்குக் கேட்கவில்லை. "உங்க புண்ணியம் சார்" என்று கும்பிட்டார். கூழ் சார் என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன், அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

'பாவம்யா, காது போயிடுச்சாம்' என்ற பேச்சு மாங்காய் வரத்து ஓய்வதற்குள் சித்தூர் முழுக்கப் பரவியது. யாரும் பொல்லாப்பாகச் சொல்லவில்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள், அந்தப் பரிதாபமே எங்கள் ஷெட்டை இழுத்து மூடியது. காரை வெளியூருக்கு ஏற்றி அனுப்பிய கூழ் சார், நைனாவுக்குத் தன் ஆலையில் டின் அடுக்குகிற வேலை கொடுத்தார். இரைச்சல் நிறைந்த இடம். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மிச்சமிருந்த காதும் அங்கேயே போயிற்று. பிறகு வீட்டில் எல்லாமே கைஜாடைதான்.

இப்போது ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை நிற்கிறது. நான் திருப்பதியில் வேலை பார்க்கிறேன், ஒரு குழந்தைக்குத் தாயாகிவிட்டேன். போன மாதம் நைனாவை அழைத்து வந்து, ஆஸ்பத்திரியில் காட்டி, காதுக்கு மெஷின் வைத்தோம். எவ்வளவு தூரம் பலன் தரும் என்று சொல்வதற்கில்லை, நீங்களே பேசிப் பாருங்கள் என்றார் டாக்டர். நான் நைனாவின் தோளுக்குப் பின்னால் நின்று, "கேக்குதா நைனா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"யாரோ பொம்பள கூப்புடறாங்க," என்றார், "இன்னான்னு பாரு பாப்பா."