எந்திரிச்சான் வீடு

கனடாவில் இருக்கும் என் மகன் கதிர் மூன்று நாளாகப் போன் போட்டுப் பிராணனை வாங்குகிறான். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆனால் ஏதோ விண்ணப்பத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் குடும்பப் பெயரை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாதாம்.

"உன் பேரப் போட்டுக்கடா. எல்லாரும் அதத்தான போடுறாங்க" என்றேன்.

"அது அப்பா பேருப்பா. நான் கேக்குறது நம்ம வம்சத்துக்குன்னு ஒரு பேரு. அப்படி ஒண்ணும் நமக்கு இல்லையா?"

இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பொய்தான். இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அந்தப் பச்சைக்குழந்தை தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

சொந்த ஊரான எரியோட்டில் எங்கள் குடும்பத்துக்கு 'எந்திரிச்சான் வீடு' என்று பெயர். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் வீடு என்று அர்த்தம். எழுந்தவர் என் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் (பெயர் சொல்லமாட்டேன், காரணம் பின்னால் தெரியும்) அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது. தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், முதல் பந்தியில் முதல் இலையும் அவருக்குத்தான். அப்பேர்ப்பட்ட இலையில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டவர், "வெஞ்சனத்துல உப்பு இல்ல" என்று சொல்லி எழுந்து கையைக் கழுவிவிட்டார். காய்கறியில் உப்பில்லை என்பதற்காக ஒரு தாய்மாமன் எழுவானா, நீங்களே சொல்லுங்கள். மாமன் எழுந்தால் மாமனோடு வந்தவர்கள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்க முடியாது. எரியோட்டிலிருந்து வண்டி கட்டிப் போன நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு இன்னும் சோறே விழவில்லை. வழியெல்லாம் பசியோடு திட்டிக்கொண்டே வந்து அவர்கள் வைத்த பெயர்தான் இது.

இன்றைக்கும் வாழையிலையில் சூடான சோறு விழும் வாசனை வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறாது, முழங்கால்தான் வலிக்கும். காரணம் என் அப்பா. அந்தப் பெயரை எப்படியாவது கழுவிவிட வேண்டும் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்த விசேஷத்திலும் நாங்கள்தான் கடைசியாக எழ வேண்டும். பந்தியில் கடைசி ஆள் மோரைக் குடித்து இலையை மடித்து எழுகிற வரைக்கும் சம்மணம் கலையக்கூடாது. "செத்த நேரம் உக்காந்தா என்னடா, குடியா முழுகிப்போகும்?" என்பார். பல்லுப்போன கிழவர் யாராவது எங்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டால் என் கதை முடிந்தது. அவர் அப்பளத்தை ஊறவைத்துத் தின்று முடிப்பதற்குள் எனக்கு இரண்டு காலும் மரத்துப்போகும்.

படிப்பு முடித்து திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பாடா, டவுனுக்கு வந்துவிட்டோம், இங்கே நமக்கு இனிஷியல் மட்டும்தான் என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றே வாரம். மோட்டாருக்கு வயர் வாங்க வந்த எரியோட்டுக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, நீ எந்திரிச்சான் வீட்டுப் பேரன்தான?" என்று கேட்டார். முதலாளி விவரம் கேட்டார், அந்த ஆளும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே முழுதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து சாப்பாட்டு நேரம் வந்தால் முதலாளி என் தூக்குவாளியைப் பார்த்து, "என்னப்பு, இன்னைக்கு உப்பு இருக்கா?" என்பார். ஏழு வருடம், ஒரு நாள் விடாமல். சிரித்து வைப்பேன். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வது?

இதெல்லாம் போகட்டும். என் அக்காவுக்கு இரண்டு வரன் தட்டிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஊரில் விசாரிப்பார்கள். "எந்திரிச்சான் வீடா? சம்பந்தி வீட்டுப் பந்திய மதிக்காத குடும்பமாச்சே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான், அந்தப் பக்கமிருந்து சேதியோ தாக்கலோ வராது. அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது வரன் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் ஐந்து பேர் போனோம். இடம் பிடித்தால்தான் அங்கே கை நனைப்பது வழக்கம். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, கை நனைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் எங்களோடு ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தோம். அப்பா எழவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். விருந்தாளி எழாமல் வீட்டுக்காரர் எப்படி எழுவார்? அவரும் உட்கார்ந்திருக்கிறார். சம்பந்திக்குப் பசி அடங்கவில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா மறுபடி சோறு கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் உப்பில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அப்பா அதையும் வாங்கிச் சாப்பிட்டார், துணைக்கு மாப்பிள்ளையின் அப்பாவும். பிறகு ரசம். பிறகு மறுபடி பாயசம். எங்கள் கையெல்லாம் காய்ந்து வரட்டியாகிவிட்டது.

"கூச்சப்படாம சாப்புடுங்க, ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்று அந்த அம்மா நாலாவது முறையாகப் பாத்திரத்தோடு வந்தபோது அப்பாவின் கண் பிதுங்கிவிட்டது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. "போதும்மா" என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிட்டேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் இலையை மடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அப்பா கேட்டார்: "உங்க தாத்தா அன்னைக்கு எதுக்கு எந்திரிச்சாருன்னு தெரியுமாடா?"

"உப்பு இல்லைன்னு."

"உப்பெல்லாம் இருந்துச்சு. சோறுதான் இல்ல."

தாத்தா இலையில் உட்கார்ந்திருந்தபோது தங்கை அடுப்படி வாசலில் வந்து நின்றிருக்கிறது. கையில் சோற்றுக்கூடை, உள்ளே ஒன்றுமில்லை. அழைத்ததைவிட அதிகமாகச் சனம் வந்துவிட்டது. புருசன் வீட்டுச் சொந்தமெல்லாம் அடுத்த பந்திக்கு வெளியே காத்திருக்கிறது. அவர்களுக்குச் சோறு இல்லையென்றால் தங்கை ஆயுசு முழுக்க அந்த வீட்டில் பேச்சு வாங்கியாக வேண்டும். தாத்தா தங்கையின் முகத்தைப் பார்த்தார். தான் எழுந்தால் கூட வந்த நாற்பது பேரும் எழுவார்கள், உலையில் வேகிற கடைசிச் சோறு மிச்சமாகும் என்று அவருக்குத் தெரியும். எழுந்தார்.

"வருசா வருசம் அறுப்புக்கு உங்க தாத்தா தங்கச்சி வீட்டுல இருந்து ஒரு மூட்டை புது நெல்லு வருதே, எதுக்குன்னு நெனச்ச?" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "இத ஊருல சொல்லித் தொலைய வேண்டியதுதான? அக்காவுக்கு ரெண்டு இடம் போச்சே."

"சொன்னா யாரு மானம் போகும்? எங்க அத்தை இன்னும் உசுரோட இருக்குடா. அம்புட்டு பேர் பேச்சையும் அவரு வாங்கிக்கிட்டது எதுக்கு? நீயும் வாயத் திறக்கக் கூடாது."

எட்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. "உங்க பையன் எந்திரிச்ச பொறவுதானுங்க எங்களுக்கு உசுரே வந்துச்சு. இன்னும் ஒரு கரண்டி போட்டிருந்தா நான் செத்தே போயிருப்பேனுங்க" என்றாராம் மாப்பிள்ளையின் அப்பா. அக்கா இப்போது அந்த வீட்டில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். தாத்தா மடியில் காது குத்திக்கொண்ட அந்தப் பிள்ளையின் மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, தன் மகளைக் கட்டிக் கொடுத்தான். பெரிய ஏசி மண்டபம். பந்தியும் இல்லை, இலையும் இல்லை. ஆளுக்கொரு தட்டை ஏந்திக்கொண்டு நின்றபடி தின்கிறார்கள். யாரும் உட்காரவே இல்லை, பிறகு எங்கே எழுவது? என் முழங்காலுக்குச் சந்தோசம்தான். ஆனால் சோறு இறங்கவில்லை. எந்திரிச்சான் வீடு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் யாராவது தென்படுகிறார்களா என்று தேடினேன். ஒருவரும் இல்லை. அத்தைப்பாட்டி செத்து எத்தனையோ வருடமாகிறது, அப்பாவும் போய்விட்டார். எரியோட்டிலேயே இந்தப் பெயரைச் சொல்லி ஆள் கேட்டால் இன்றைக்கு வழி காட்ட ஆளில்லை.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பெண்ணின் அப்பாவான அந்த மாப்பிள்ளையே என் தோளில் கைபோட்டுக்கொண்டு, பெருமையாகக் கூட்டத்தைக் காட்டினான்.

"பாத்தீங்களா மச்சான், எம்புட்டு சனம்னு. இருந்தாலும் எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த வீட்டு விசேசத்துல சோறு பத்தலைங்கிற பேச்சு ஒரு தடவகூட வந்ததில்ல."

தட்டில் இருந்ததை விழுங்கினேன்.

"ஆமா மாப்ள, வந்ததே இல்ல" என்றேன்.