போர்டில் பெரிதாக எழுதிய நைட்ரஜன்

இன்று காலை எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஒருத்தர் சாகப் பார்த்தார். காரணம், நான் எடுத்த பாதுகாப்பு வகுப்பு.

காலியான கெமிக்கல் டேங்க் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தோம். எளாவூரிலிருந்து வரும் ஃபிட்டர் குமரேசனின் ஸ்பேனர் அதற்குள் விழுந்துவிட்டது. நான் போனபோது ஒரு காலை உள்ளே விட்டிருந்தார்.

"அண்ணே, காலை வெளிய எடுங்க!"

"இன்னா மேடம், நைட்ரஜன்தான? காத்துல முக்காவாசி அதான்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? பொறந்ததுலேந்து அத்தத்தான இழுத்துகினு கீறோம்."

காலரைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆக்சிஜன் மீட்டரை டேங்கின் வாயில் காட்டினேன். இருபத்தொரு சதவீதம், வெளிக்காற்றில் இருக்கும் அதே அளவு.

"பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

மீட்டரின் குழாயைக் கீழே இறக்கினேன். பதினேழு. பன்னிரண்டு. அலாரம் அலறியது. அடியில் நான்கு.

குமரேசனின் சிரிப்பு நின்றது. "ஒரே டேங்குல மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்தா மேடம்?"

"மேல இருக்குறது வாய் வழியா பூந்த வெளிக்காத்து. கீழ இருக்குறது காத்தே இல்லண்ணே, வெறும் நைட்ரஜன். ரெண்டு மூச்சுல சுருண்டிருப்பீங்க. மூச்சு முட்டுறதுகூடத் தெரிஞ்சிருக்காது."

அவரிடம் கத்திவிட்டு வகுப்பறைக்குப் போனேன். நேற்று நான் எழுதியது போர்டில் அப்படியே இருந்தது. நைட்ரஜன் 78 என்று பெரிதாக. ஆக்சிஜன் 21 என்று மூலையில், சின்னதாக.

வகுப்பெடுக்கும் நண்பர்களே, நீங்கள் பாதி சொன்னதை யாராவது முழுசாக நம்பியிருக்கிறார்களா?